எனக்கு மட்டும் மரியாதை

ஜூலை 11, செவ்வாய்

செமிசியின் தாடை உடைந்துவிட்டது. சனிக்கிழமை ரக்பி ஆட்டத்தில் உடைந்தது, இன்று பள்ளிக்கூடம் வந்துவிட்டான். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இன்னும் ஒன்றரை மாதத்துக்குப் பாலும் சூப்பும் உறிஞ்சுகுழல் வழியாகத்தான். வுனிகுரா கிராமத்திலேயே, ஏன் ஃபிஜியிலேயே, ஓயாமல் பேசுகிற வாய் அது. எங்கள் வகுப்பு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

சொல்வதையெல்லாம் கைபேசியில் தட்டிக் காட்டுகிறான். முதலில் காட்டியது: 'சிரிக்க வைக்காதே மச்சான், உயிர் போகுது.' அப்புறம் கேட்க வேண்டுமா? நாள் முழுக்க அவனைச் சிரிக்க வைப்பதுதான் எல்லோருக்கும் வேலை.

சிரிக்காதவர் தலைமையாசிரியர் ஒருவர்தான். 28ஆம் தேதி பள்ளிக்கூடத்தின் வைரவிழா. வைலோமா தீவின் தலைவர் சிறப்பு விருந்தினர். அவர்கள் கொண்டுவரும், இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்க்கட்டைப் பாயில் உட்கார்ந்து வாங்கி, பள்ளிக்கூடத்தின் சார்பில் முறைப்படி பேச ஒருவன் வேண்டும். வருடா வருடம் ஆண்டுவிழாவில் அதைச் செய்வது செமிசிதான். அவன் அப்பா வுனிகுரா தலைவருக்குப் பேச்சுக்காரர், அவருடைய அப்பாவும் அப்படியே. பரம்பரையாகப் பேசுகிற குடும்பம். இந்த வருடம் பார்த்து வாயைக் கட்டிவிட்டார்கள்.

ஜூலை 12, புதன்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. பரவாயில்லை.

தலைமையாசிரியர் வகுப்புக்கே வந்து கேட்டார், யார் பேசப் போகிறீர்கள் என்று. வுனிகுரா பையன்கள் எல்லோரும் திடீரென்று மேசையைப் படிக்க ஆரம்பித்தார்கள். ஒருவன் மட்டும் எழுந்து, "சார், எனக்கு முன்னாடி உக்கார்ந்தாலே நாக்கு ஒட்டிக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். செமிசி கைபேசியில் ஏதோ தட்டித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். வினீல்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு யாராவது வினீல் இருக்கிறானா என்று. வகுப்பே சிரித்தது.

செமிசி விடவில்லை. இன்னும் நிறையத் தட்டி வசிதியிடம் நீட்டினான். வசிதியும் வுனிகுராதான், மாணவர் தலைவி, செமிசியின் பெரியப்பா பெண். வேண்டாவெறுப்பாகப் படித்தாள். "சார், இவனுக்கு எல்லாமே மனப்பாடம். எங்கப்பா பேசறதை இவன் அப்படியே கேலி பண்ணிக் காட்டுவான். கேலி பண்ணணும்னா முழுசாத் தெரிஞ்சிருக்கணும்ல?" படித்து முடித்ததும் கைபேசியைத் திருப்பிக் கொடுத்த வேகத்தைப் பார்க்க வேண்டும்.

உண்மைதான், எனக்குத் தெரியும்! ஓடைக்கு இந்தப் பக்கம் எங்கள் கரும்பு, அந்தப் பக்கம் அவர்கள் ஊர். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அங்கேதான் கிடந்திருக்கிறேன். அந்தப் பேச்சு என் காதில் பாட்டு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் எங்கள் ஆள், ஓர் இந்தியன், அந்தப் பாயில் உட்கார்ந்து பேசி யாராவது பார்த்திருக்கிறார்களா? நான் பார்த்ததில்லை.

தலைமையாசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "செமிசியோட அப்பா சரின்னு சொன்னா எனக்கும் சரி" என்றார்.

ஜூலை 14, வெள்ளி

சரின்னுட்டார்!!!

அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்: "பாய் பள்ளிக்கூடத்துப் பாய். யார் உக்காரணும்னு பள்ளிக்கூடம் சொல்லட்டும். ஆனா எங்க தலைவர் பட்டத்தைத் தப்பாச் சொன்னே, உன் தாடைக்கும் கம்பி கட்டணும்."

ஜூலை 16, ஞாயிறு

சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். அம்மா ரொட்டி தேய்ப்பதை நிறுத்தவில்லை, ஆனால் காது இந்தப் பக்கம்தான் இருந்தது. அப்பா கத்திரிக்காயை ரொட்டியில் மடித்து மென்று விழுங்கிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"அவங்க சடங்கு. அவங்க பண்ணட்டும். நீ எதுக்கு நடுவுல?"

"பள்ளிக்கூடம் நம்ம பள்ளிக்கூடமும்தானே? கரும்புக்காரங்க சேர்ந்துதானே கட்டினாங்க?"

"கட்டினோம். எந்த நிலத்துல?"

வீடு, கரும்பு, பள்ளிக்கூடம் எல்லாமே வுனிகுராவின் குத்தகை நிலம். போன தடவை குத்தகையைப் புதுப்பிக்க அப்பா அலைந்தது எனக்கும் நினைவிருக்கிறது.

பிறகு மோதி கதை. நான் பிறப்பதற்கு முன் நடந்தது, ஆனால் நானே பார்த்தது போலத் தெரியும். இரண்டாயிரம், மே மாதம். தலைநகரில் எங்கள் இனத்துப் பிரதமரைப் பிடித்து வைத்து ஆட்சியைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று வானொலி சொன்ன வாரம். ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பையன்கள் வந்தார்கள். கூரைமேல் கல் விழுந்தது. அப்பாவும் அம்மாவும் உள்ளே கட்டிலுக்கடியில். உழவுக் காளை மோதியை மாமரத்து முளையிலிருந்து அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் அந்தப் பக்கம் இறைச்சி சுடும் புகை தெரிந்ததாம். அன்றிலிருந்து எங்கள் கேட்டுக்குப் பூட்டு. இருட்டுவதற்குள் பூட்டுவது இப்போது என் வேலை. முளை மட்டும் அங்கேயே நிற்கிறது, அப்பா அதில் வேறு எதையும் கட்டவும் விடமாட்டார், பிடுங்கவும் விடமாட்டார்.

"அந்தப் பசங்க இப்ப பெரிய ஆளுங்க," என்றார். "சந்தையில என்னைப் பாத்தா குட் மார்னிங் சொல்றாங்க. நானும் சொல்றேன். அது போதும்."

எனக்குப் போதாது. அப்பாவிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். எனக்குப் போதாது.

ஜூலை 18, செவ்வாய்

வைலோமாக்காரர்கள் வருகிறார்கள் என்றால் அதில் ஒரு விசேஷம் இருக்கிறது. வைலோமாவும் வுனிகுராவும் தௌவு. ஆதியில் இரண்டு ஊருக்கும் ஒரே குலதெய்வமாம். அதனால் ஒருவரை ஒருவர் எப்படி வேண்டுமானாலும் திட்டலாம், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் அவன்தான் தோற்றவன். போன வருடம் செமிசியின் சித்தப்பா கல்யாணத்தில் மாப்பிள்ளை சட்டையையே கழற்றிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை பனியனோடு சர்ச்சில் நின்றார். முகத்தில் என்ன பெருமை!

நானும் அங்கேதான் நின்றேன். வைலோமா ஆட்கள் செமிசியின் காதைப் பிடித்து இழுத்து, "ஏண்டா, வுனிகுராவுல இன்னும் பல்லி சுட்டுத்தான் திங்கறீங்களா?" என்று ஆரம்பித்து அவன் வம்சத்தையே வாரினார்கள். அடுத்து நான். எனக்கு என்ன கிடைக்கப் போகிறதோ என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் சட்டையைச் சரிசெய்துகொண்டு, "குட் மார்னிங்" என்று கை குலுக்கினார்கள். எவ்வளவு மரியாதை! நாற்காலி வேறு கொண்டுவந்து போட்டார்கள். எல்லோரும் பாயில் உருண்டு சிரிக்க, நான் நாற்காலியில்.

எனக்கு மரியாதை வேண்டாம். ஒரே ஒரு வசவு போதும்.

ஜூலை 19, புதன்

சமூகப் பாடத்தில் பெரிய ரகளை. ஆசிரியை சும்மா, "நம்ம நாட்டுல ரெண்டு இனமும் ஒண்ணா வாழறோமா, பக்கத்துல பக்கத்துல வாழறோமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான், மணி அடித்ததே யாருக்கும் கேட்கவில்லை.

அவினேஷ் எழுந்து, "மிஸ், நான் பிரிஸ்பேன் போறேன். எங்க அண்ணன் அங்க இருக்கான். அங்க போனா ரெண்டு பேரும் ஃபிஜிக்காரன்தானாம். சனிக்கிழமை ஒரே கொல்லையில உக்காந்து யங்கோனா குடிக்கறாங்களாம். இங்க முடியாதது அங்க முடியுது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் இல்லை என்று சொல்லவில்லை.

யாரோ, ஒலிம்பிக்கில் ரக்பி தங்கம் வாங்கிய நாளைச் சொன்னார்கள். எனக்கு அப்போது பத்து வயது. நகரத்தில் யார் யாரைக் கட்டிப்பிடிக்கிறார்கள் என்றே தெரியாத ஒரு நாள். "ஒரு வாரம் இருந்துச்சு," என்றான் இன்னொருவன். "அப்புறம் பழையபடி அவங்கவங்க பெஞ்சு."

அப்போதுதான் வசிதி எழுந்தாள். என்னைப் பார்த்தே பேசினாள். "வினீல் 28ஆம் தேதி பாயில உக்காரப் போறான். எல்லாரும் கைதட்டுவீங்க. போட்டோ வரும். நாடு திருந்திடுச்சுன்னு போடுவாங்க. ஆனா பாயில உக்காரறது நாடகத்துக்குப் போடற வேஷம் இல்ல. எங்க சித்தப்பா ஒரு தப்புச் சொன்னா ஊர் பத்து வருஷம் பேசும். இவன் தப்புச் சொன்னா என்ன ஆகும்? 'பாவம், வுலாகி' ன்னு விட்டுருவாங்க."

வுலாகி என்றால் விருந்தாளி. நாலு தலைமுறையாக நாங்கள் விருந்தாளி.

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. "அப்ப என்னைத் திட்டுங்க! நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?" என்று கத்தினேன். அவள் ஒரு நிமிடம் விழித்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து யோசித்தால் அவளும் நானும் ஒன்றையேதான் சொல்லியிருக்கிறோம். அவள் சண்டையாகச் சொன்னாள், நான் அழுகிற மாதிரி சொன்னேன். சே, கண்ணில் தண்ணி வந்ததை யாராவது பாத்திருப்பாங்களா?

ஜூலை 22, சனி

சந்தையில் அப்பாவோடு பயற்றங்காய் விற்று முடித்ததும் செமிசி வீட்டில் ஒத்திகை. வாய் இல்லாத வாத்தியார். தப்பாகச் சொன்னால் தேங்காய்ச் சிரட்டையை எறிவான், சரியாகச் சொன்னால் "ம்ம்". இன்று மூன்று சிரட்டை.

கடினமான இடம் ஒன்றுதான். வேர்க்கட்டைத் தொட்டு வாங்கும்போது, எந்த மண்ணின் சார்பில் வாங்குகிறேன் என்று சொல்ல வேண்டும். அந்த இடம் வந்ததும் என் குரல் இறங்கிவிடுகிறது. பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

வசிதி அங்கே பாய் முடைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே, "வுனிகுரான்னு சொல்லு," என்றாள். "பள்ளிக்கூடம் எங்க மண்ணுலதான் இருக்கு. உங்க வீடும்தான்."

குத்திக் காட்டினாளா, கூப்பிட்டாளா? ஓடையைத் தாண்டி வீடு வரும்வரை யோசித்தேன். இன்னும் தெரியவில்லை.

ஜூலை 25, செவ்வாய்

ஒரு சிரட்டைகூட விழவில்லை!

ஜூலை 27, வியாழன்

அம்மா என் சுலுவை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறார். வேட்டி மாதிரி சுற்றிக்கொள்ளும் அந்தத் துணிக்கு இவ்வளவு கஞ்சி யாரும் போட்டிருக்க மாட்டார்கள். அட்டை மாதிரி நிற்கிறது. "உங்கப்பா வருவார்," என்று மட்டும் சொன்னார். எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று சொல்லவில்லை.

ஜூலை 28, வெள்ளி

எங்கிருந்து ஆரம்பிப்பது! தலையெல்லாம் முகப்பவுடர், தாளில் கொட்டுகிறது.

மண்டபம் நிறைந்திருந்தது. வைலோமாத் தலைவர் நடுவில், அவருக்கு முன்னால் அவருடைய பேச்சுக்காரர் சகியுசா. பெரிய மனிதர், இரண்டு ஆள் உட்காரும் இடம் வேண்டும். நான் எதிரே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் செமிசியும் மற்ற பையன்களும். அப்பா கடைசி வரிசையில், கோயிலுக்கு மட்டும் போடும் நீளக் கால்சட்டையில். பார்த்துவிட்டேன்.

சகியுசா பேசி முடித்து வேர்க்கட்டை என் முன்னால் நகர்த்தினார். நான் உள்ளங்கைகளைக் குவித்துத் தட்ட வேண்டும், கட்டைத் தொட்டுத் தூக்க வேண்டும், பேச வேண்டும். தட்டினேன். தூக்கினேன். தூக்கி... இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்!

யார் செய்யச் சொன்னது? யாரும் இல்லை! பூசைத் தட்டைக் கையில் கொடுத்தால் கை தானாக எங்கே போகுமோ அங்கே போய்விட்டது. பிறந்ததிலிருந்து பழகிய கை. பின்னால் செமிசி பல்லுக்கு நடுவே "ம்ம்ம்!" என்று அலறினான். சிரட்டை இருந்திருந்தால் மண்டையில் விழுந்திருக்கும். போச்சு. எல்லாம் போச்சு. இப்போது 'பாவம், வுலாகி' வரப் போகிறது. சிரித்த முகத்தோடு, மரியாதையோடு வரப் போகிறது.

சகியுசா என்னையே பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி வுனிகுராக்காரர்களைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"ஏய் வுனிகுரா! என்னடா உங்க பேச்சுக்காரன் என் யங்கோனாவைக் கண்ணுல ஒத்திக்கறான்? அது வேருடா, சாமி படமில்ல! உங்க ஊர்ல நாக்கு தீந்துபோச்சா? இந்தியன் கடையில போய்க் கடன் வாங்கினீங்களா?"

வைலோமாக்காரர்கள் ஓவென்று கத்தினார்கள். திட்டினார்! என்னைச் சேர்த்துத் திட்டினார்! உங்க பேச்சுக்காரன் என்றார்!

திட்டினால் திருப்பித் திட்ட வேண்டும், அதுதான் முறை. அதற்கு ஒத்திகை பார்க்கவில்லை. வாயில் தானாக வந்தது, அவர்கள் மொழியிலேயே, நல்ல கிராமத்துக் கொச்சையில்.

"கடன் இல்ல ஐயா, குத்தகை! அவங்க எங்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டாங்க, நாங்க அவங்களுக்கு நாக்கைக் குத்தகைக்கு விட்டோம். குத்தகை முடியறதுக்குள்ள சீக்கிரம் குடிச்சு முடிங்க. வைலோமாக்காரங்க குடிக்க ஆரம்பிச்சா அது எங்க பேரன் காலம்வரைக்கும் போகும்!"

குத்தகை. அந்தச் சொல்லை இரண்டு இனமும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். நான் சொல்லிவிட்டேன். தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். வசிதி வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. செமிசியின் அப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு சகியுசா சிரித்தார் பாருங்கள், அந்தப் பெரிய உடம்பு அப்படியே பாயில் சாய்ந்து, தரையைத் தட்டித் தட்டி. தலைவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மண்டபம் அடங்க எவ்வளவு நேரம் ஆனது என்றே தெரியவில்லை. அடங்கியதும் மீதியைப் பேசினேன். வுனிகுரா மண்ணின் சார்பில் என்று சொன்னேன். குரல் இறங்கவில்லை.

முடிந்ததும் வைலோமாப் பெண்கள், இங்கே கொண்டாட்டத்துக்கு வழக்கமாகச் செய்வது போல, டப்பா டப்பாவாகப் பவுடரை என் தலையில் கொட்டினார்கள். சகியுசா, "குத்தகைக்காரன்கிட்ட என்ன இருக்கோ எடுங்கடா!" என்று கத்தினார். செருப்பு போனது. மாலை போனது. வெளியே சுவரோரம் நின்ற என் சிவப்புச் சைக்கிளைத் தூக்கி லாரியின் மேல் ஏற்றிவிட்டார்கள்! படகுத்துறை வரைக்கும் லாரிக்குப் பின்னால் ஓடி, தெரிந்த வசவையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர்களும் திட்டினார்கள். வெறுங்காலோடு வீடு வரைக்கும் குதித்துக்கொண்டே வந்தேன்.

அப்பா பாதியிலேயே எழுந்து போய்விட்டாராம். அம்மா சொன்னார். மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். "சைக்கிள் எங்க?" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னேன், எப்படித் தூக்கினார்கள், எப்படிச் சிரித்தார்கள் என்று.

"அப்பவும் சிரிச்சுக்கிட்டேதான் ஓட்டிட்டுப் போனாங்க," என்றார் அப்பா.

ஜூலை 29, சனி

அப்பா போலீஸில் புகார் கொடுக்கப் போகிறாராம். திங்கட்கிழமை. நீளக் கால்சட்டையை வெளியே எடுத்து வைத்திருக்கிறார்.

"அது திருட்டு இல்லப்பா, அவங்க என்னை..."

"உன்னை என்ன? நாக்கு இல்லாம இந்தியன் கடைக்குப் போனீங்களான்னு நூறு பேர் நடுவுல கேட்டான். எனக்கு அவங்க பாஷை அவ்வளவு வராது, ஆனா அது புரிஞ்சுது. நீ இளிச்சுக்கிட்டு உக்காந்திருந்தே."

"திட்டினாதாம்ப்பா சொந்தம்!"

"அந்தச் சொந்தம் அன்னைக்கு எங்கடா போச்சு?"

திங்கட்கிழமை போலீஸ் வண்டி படகுத்துறைக்குப் போனால் என்ன ஆகும்? சகியுசாவை விசாரிப்பார்கள். வுனிகுரா தலைகுனியும். அப்புறம் ஆயுசுக்கும் எனக்குக் குட் மார்னிங்தான். ஆனா அப்பா சொல்றதும் பொய் இல்லையே. பொய்யே இல்லையே. கட்டிலுக்கடியில கிடந்தது அவர்தானே, நான் இல்லையே. யார்கிட்ட போய்ச் சொல்றது?

செமிசியிடம் ஓடினேன்.

ஜூலை 30, ஞாயிறு

சர்ச் முடிந்ததும் செமிசியும் வசிதியும் வந்தார்கள். செமிசி கைபேசியில் தட்டித் தட்டி நீட்டினான், அப்பா கண்ணாடி இல்லாமல் படிக்க மாட்டேன் என்றார். கண்ணாடி எதிரே மேசைமேல்தான் இருந்தது.

வசிதி, "மாமா, நான் பேசறேன்," என்று கொட்டகையில் தரையிலேயே உட்கார்ந்தாள். என்னைப் பேச விடக் கூடாது என்று வகுப்பில் சண்டை போட்டவள் அவள்!

"முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட அவங்க எடுக்க மாட்டாங்க மாமா. கேட்டு வாங்குவாங்க, இல்ல காசு கொடுப்பாங்க."

"இரண்டாயிரத்துல என்கிட்ட கேட்டாங்களா? உங்க ஊர்ப் பசங்கதான்."

செமிசி தலையைக் குனிந்துகொண்டான். வசிதி குனியவில்லை. "தெரியும் மாமா. எங்க வீட்டுல அதைப் பத்திப் பேசவே மாட்டாங்க. அது திருட்டு. அதுக்கு வேற பேர் கிடையாது."

இதை யாரும் எங்கள் வீட்டில் வந்து சொன்னதில்லை. அம்மா வாசலில் வந்து நின்றார்.

"அன்னைக்கு மாட்டைத் தேடிக்கிட்டு நீங்க வந்திருந்தா உங்களை அடிச்சிருப்பாங்க," என்றாள் வசிதி. "இப்ப சைக்கிளைத் தேடிக்கிட்டு வைலோமாவுக்குப் போங்க, மீன் சுட்டுச் சோறு போடுவாங்க. அவ்வளவுதான் மாமா வித்தியாசம். போய் எதையாவது தூக்கிட்டு வாங்க. நீங்க தூக்காம விட்டாதான் அவங்களுக்கு அவமானம்."

அப்பா அரிவாளை எடுத்துக்கொண்டு புல் அறுக்கப் போய்விட்டார்.

ஜூலை 31, திங்கள்

போலீஸுக்குப் போகவில்லை. கரும்புக்குத்தான் போனார். நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் கிளம்பிவிடுவார்.

ஆகஸ்ட் 3, வியாழன்

பருப்பில் ரொட்டியைத் தோய்த்தபடி, யாரிடமோ கேட்பது போல, "வைலோமா படகு என்னைக்கெல்லாம் போகுது?" என்றார். அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் படாத பாடு பட்டோம்.

ஆகஸ்ட் 5, சனி

போய்விட்டார்! சந்தைக்குக்கூடப் போகாமல்! நீளக் கால்சட்டை, கையில் ஒரு கட்டு யங்கோனா. நானும் வருகிறேன் என்றதற்கு, "உன் சைக்கிளை வாங்கிட்டு வரேன், வேற ஒண்ணுமில்ல," என்றார். வாங்கிக்கொண்டா, சண்டை போட்டுக்கொண்டா? அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அங்கே யாராவது ஆரம்பிப்பார்கள், இவர் புரியாமல் எகிறுவார். அம்மா வாசலில் பறக்கும் அனுமார் கொடிக்கடியில் இரண்டு விளக்கு ஏற்றியிருக்கிறார்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை படகு கிடையாது, சர்ச் நாள். இதை நேற்று யாரும் யோசிக்கவில்லை. அப்பா அங்கேயே இருக்கிறார், வைலோமாக்காரர்களோடு, முழுசாக இரண்டு நாள். அம்மாவுக்கு, மாட்டிறைச்சியைப் போட்டுவிடுவார்களோ என்று கவலை. எனக்கு வேறு கவலை.

ஆகஸ்ட் 7, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் வண்டி நிற்கிறது. செமிசியும் என்னோடு இருந்தான். வண்டியின் பின்பக்கம் அப்பா. கால்சட்டை முழங்கால் வரை சுருட்டியிருக்கிறது. தலையில், காதில், மீசையில் எல்லாம் பவுடர். மடியில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு பன்றி. குட்டியில்லை, முழுப் பன்றி!

"சகியுசாவோடது," என்றார்.

அம்மா வெளியே வந்து பார்த்தார். "அனுமார் கொடி பறக்கற வாசல்ல பன்னியா? அறிவிருக்கா உங்களுக்கு?"

"திங்கவா போறோம்? கட்டித்தானே வைக்கப் போறேன்."

செமிசி சுவரைப் பிடித்துக்கொண்டு, தாடையை இரண்டு கையாலும் அழுத்தி, கண்ணில் நீர் வழியச் சிரித்தான். வலி உயிர் போயிருக்கும்.

அப்பா துண்டு துண்டாகச் சொன்னார். துறையில் இறங்கியதுமே, "குத்தகைக்காரன் அப்பன் வந்துட்டான், சட்டியையெல்லாம் ஒளிச்சு வைங்க!" என்று சத்தம் போட்டார்களாம். நேற்று முழுக்க மீன், மரவள்ளி, யங்கோனா, திட்டு. "என் காதைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினான் அந்தத் தடியன் சகியுசா. அப்படியா இருக்கு என் காது?" சைக்கிளைத் தீவுப் பிள்ளைகள் வரிசையில் நின்று ஓட்டுகிறார்களாம். அதைப் பார்த்துவிட்டு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று வேறு எதையாவது தேடினாராம். காலையில் எல்லோரும் பார்க்க அவிழ்த்துக்கொண்டு நடந்திருக்கிறார்.

"யாரும் தடுக்கலையா?"

"தடுக்கறதா? ரெண்டு பேர் படகுல ஏத்தி விட்டாங்க."

நான் கொஞ்சம் தயங்கிக் கேட்டேன். "மோதியைப் பத்திச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"ரொம்ப நேரம் யாரும் சிரிக்கல. அப்புறம் அந்தத் தடியன் யங்கோனா கலக்கி முதல் சிரட்டையை எனக்குக் கொடுத்தான்."

பன்றியை இழுத்துக்கொண்டு மாமரத்துக்குப் போனார். மோதியின் முளையில் கட்டினார். இறுக்கமாக இல்லை, ஓர் இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. செமிசி கைபேசியில் தட்டி நீட்டினான். அப்பா சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். 'கிறிஸ்மஸுக்குள்ள திருட வருவாங்க மாமா.'

"வரட்டும்," என்றார். "வந்து பாக்கட்டும்."

வெயில் இறங்கியதும் வழக்கம்போலச் சாவியை எடுத்துக்கொண்டு கேட்டைப் பூட்டப் போனேன். அப்பா கொட்டகையிலிருந்தே கத்தினார்.

"டேய், பூட்டினா அவங்க எப்படிடா உள்ள வருவாங்க?"